பிளேட்லெட் கூடினவர்களுக்குத் திருகோணமலை டவுனுக்குள் ஒரு நல்ல லாப்

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரைப் புள்ளி குறைத்தது வாசற்படிக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கிற டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு எசென்ஷியல் த்ரொம்போசைதீமியா என்ற வருத்தம். மெதுவாகப் போகிற ஒருவகை இரத்தப் புற்றுநோய். எலும்புக்குள் இரத்தம் செய்கிற என்பு மச்சை, இரத்தத்தைக் கட்டவைக்கிற பிளேட்லெட் என்ற சின்னத் துணிக்கைகளைத் தேவைக்கு மேலே செய்துகொண்டே இருக்கும். இந்த வருத்தக்காரருக்கு லாப் என்பது வருடத்துக்கு ஒருதரம் கொலஸ்ட்ரோல் பார்க்கிற இடமில்லை. மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று டொக்டர் முடிவெடுப்பதே லாப் கொடுக்கிற இலக்கத்தை வைத்துத்தான். அதனால்தான் ஒரு லாப்பைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். இதே குடும்பத்தைச் சேர்ந்த பொலிசைதீமியா வேரா (சிவப்புக் கலம் கூடுவது), மைலோபைப்ரோசிஸ் (மச்சையில் நார் படிவது) உள்ளவர்களுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

நம்ம ஊரில் பிளேட்லெட் என்றால் டெங்கு. மழை தொடங்கினால் வீட்டுக்கு வீடு எஃப்.பி.சி. (இரத்தக் கலங்களை எண்ணுகிற பரிசோதனை) எடுப்பார்கள், இலக்கம் இறங்கினால் பயம், ஏறினால் நிம்மதி. எனக்கு ஒன்பது லட்சம் என்று வந்தபோது சொந்தக்காரர் எல்லாரும் "நல்லதுதானே, உங்களுக்கு டெங்கு வராது" என்றார்கள். முதன்முதலில் எடுத்த இடத்திலும் (பெயர் வேண்டாம்) ரிப்போட்டில் அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி மட்டும் அடித்து மடித்துத் தந்துவிட்டார்கள். 150,000 முதல் 450,000 வரைதான் சாதாரணம். அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் காலத்தில் எனக்கு இரவில் உள்ளங்கால் நெருப்பு வைத்தமாதிரி எரியும், கால்விரல்கள் சிவந்துபோகும். சீமெந்துத் தரையில் காலை வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்திருக்கிறேன். சின்ன இரத்தக் குழாய்களுக்குள் பிளேட்லெட்டுகள் ஒட்டிச் செய்கிற வேலை அது என்று பிறகுதான் தெரியவந்தது.

இந்த லாப்புக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர் என் மருமகன். மணிக்கூட்டுக் கோபுரத்தில் இருந்து நடந்து வரலாம். முன்னுக்கு ஒரு பார்மசி, பின்னுக்கு லாப், மேல்மாடியில் சனலிங் (நிபுணர்மாரைக் காசு கட்டிப் பார்க்கிற இடம்). காலை வெள்ளனவே திறந்துவிடுகிறார்கள். வெறும் வயிற்றோடு கிண்ணியாவில் இருந்தும் நிலாவெளியில் இருந்தும் வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி. இரத்தம் எடுக்கிற பிள்ளைக்குக் கை நல்ல பதம். என்னுடைய நரம்பு பிடிபடாத நரம்பு. மற்ற இடங்களில் கையை அடிஅடியென்று அடித்து, ஊசியை உள்ளுக்குள் வைத்தே திருப்புவார்கள். இந்தப் பிள்ளை கையைத் தொங்கப்போடச் சொல்லி, பொறுத்திருந்து, ஒரே தடவையில் எடுத்துவிடும். எடுத்த உடனே ஊதா மூடிக் குழாயை மேலும் கீழுமாக மெதுவாகத் திருப்பும், குலுக்காது. இது சின்ன விஷயம் இல்லை. எங்களைப் போன்றவர்களின் இரத்தத்தில் பிளேட்லெட் அதிகம். எடுக்கும்போது தாமதித்தாலோ, குழாய்க்குள் இருக்கிற மருந்தோடு சரியாகக் கலக்காவிட்டாலோ அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஒட்டின கட்டியை மெசின் பிளேட்லெட் என்று எண்ணாது. இலக்கம் பொய்யாகக் குறைந்துவிடும்.

எனக்கே அது நடந்தது. வெளியூர் போன இடத்தில், வேறொரு லாப்பில் எடுத்தபோது ஊசி சரியாக இறங்காமல் சொட்டுச் சொட்டாகத்தான் குழாய் நிரம்பியது. ரிப்போட்டில் 210,000. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், மருந்து பிடித்துவிட்டது என்று. ஊருக்கு வந்து இங்கே காட்டினேன். பொறுப்பாக இருக்கிற எம்.எல்.டி. (ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்) மிஸ் என் பழைய ரிப்போட்டுகளைக் கொம்பியூட்டரில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, போன தடவை ஏழு லட்சத்துக்கு மேல. இவ்வளவு கெதியா இறங்காது. ஒருக்கா திருப்பி எடுப்பம்" என்றார். ஊதா மூடிக் குழாயில் ஒன்று, சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் ஒன்று. இரண்டிலும் ஆறு லட்சத்துக்கு மேலேதான் நின்றது. 210,000 என்ற இலக்கத்தை நம்பி மருந்தைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய இலக்கத்தைப் பார்க்கிற பழக்கம் ஒரு லாப்புக்கு இருக்கிறதா இல்லையா என்பதுதான் நான் முதலில் கவனிப்பது.

இவர்களை நான் மெச்சுகிற முக்கியக் காரணம், மெசினோடு விடாமல் ஒருவர் கண்ணால் பார்க்கிறார் என்பதுதான். நீங்கள் கேட்டால் பிளட் பிக்சரும் (இரத்தக் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதுவது) சேர்த்துச் செய்வார்கள். என்னைப்போல் நாள்பட்ட வருத்தக்காரர் என்றால் கேட்காமலே கண்ணாடித் தட்டில் ஒரு துளி பூசிப் பார்த்துவிடுகிறார்கள். ஒருநாள் கூட்டமில்லாத நேரம், "ஐயா, உங்கட இரத்தத்தைப் பாக்க விருப்பமா? உள்ளுக்க வாங்கோ" என்றார் மிஸ். நுணுக்குக்காட்டிக்குள் கண்ணை வைத்தேன். வட்டம் வட்டமாக நடுவில் வெளிறின சிவப்புக் கலங்கள். அவற்றுக்கு இடையே ஊதாத் தூள்கள், தூவிவிட்டமாதிரி எங்கு பார்த்தாலும். அதுதான் பிளேட்லெட். சாதாரண ஆளுடைய தட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடந்தது. என்னுடையதில் ஒன்று, ஒரு சிவப்புக் கலத்தின் அளவுக்குப் பெரிதாக, விளிம்பு நெளிந்து, உள்ளே மணிமணியாக இருந்தது. "இது பெரிய பிளேட்லெட். மெசின் இதைச் சிவப்புக் கலம் எண்டு நினைச்சு அந்தக் கணக்கில போட்டுடும்" என்றார். சிவப்புக் கலம் ஏழெட்டு மைக்ரோமீற்றர். பிளேட்லெட் வழமையாக இரண்டு மூன்றுதான். பருமனை வைத்து எண்ணுகிற மெசினுக்கு இவ்வளவு பெரிய பிளேட்லெட்டைப் பிரித்தறியத் தெரியாது.

இந்தப் பெரியவை எங்கிருந்து வருகின்றன என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் மேல்மாடியில் கிடைத்தது. சனிக்கிழமைகளில் இரத்தநோய் நிபுணர் ஒருவர் வந்து பார்க்கிறார். அவசரப்படாத மனிதர். என்னுடைய என்பு மச்சைப் பரிசோதனையின் படங்களைத் தன் மடிக்கணினியில் வைத்திருந்து காட்டினார். இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஊசிபோட்டு எடுத்தது (வலி இருந்தது, பொறுக்கக்கூடிய வலி). அதைச் செய்தது ஆஸ்பத்திரியில், இங்கே அந்த வசதி இல்லை.

படத்தில் சின்னச் சின்னக் கலங்களுக்கு நடுவில் நாலைந்து இராட்சதக் கலங்கள். மெகாகேரியோசைட் என்று பெயர். பிளேட்லெட்டின் தாய் இவைதான். மச்சையில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது, ஆனால் அங்கே எல்லாவற்றிலும் பெரிது. 50 முதல் 100 மைக்ரோமீற்றர் வரை வளரும். மற்றக் கலங்கள் தங்கள் மரபுப் பொருளை இரட்டித்துவிட்டு இரண்டாகப் பிரியும். இது இரட்டித்துவிட்டுப் பிரியாமல் நிற்கும், பிறகும் இரட்டிக்கும். இரண்டு பங்கு இருக்கவேண்டிய இடத்தில் 16, 32, சிலவேளை 64 பங்கு. போதிய அளவுக்குப் பெருத்தபிறகு இரத்தக் குழாயின் சுவரைத் துளைத்து நீண்ட கைகளை உள்ளே நீட்டும். ஓடுகிற இரத்தத்தில் அந்தக் கைகள் துண்டுதுண்டாக அறுந்துபோவதுதான் பிளேட்லெட். ஒரு தாய்க்கலத்தில் இருந்து ஆயிரக்கணக்கில் வரும். பிளேட்லெட்டின் ஆயுள் ஏழு முதல் பத்து நாள் என்பதால், நல்ல உடம்பே ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி அளவில் செய்யவேண்டி இருக்கிறது. பொஸ்டனில் ஜேம்ஸ் ஹோமர் ரைட் என்பவர் 1906இல் இதைக் கண்டு சொன்னாராம். சாயம் போட்ட தட்டும் நுணுக்குக்காட்டியும்தான் அவரிடம் இருந்த கருவிகள் என்று டொக்டர் சொன்னபோது எனக்குக் கீழ்மாடி மிஸ்ஸின் ஞாபகம் வந்தது.

எனக்கு இருக்கிற வருத்தத்தில் இந்தத் தாய்க்கலங்கள் எண்ணிக்கையிலும் கூடும், பருமனிலும் கூடும். கரு பல கிளைகளாகப் பிரிந்து நிற்கும். கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான்களின் கொம்பைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கரு எப்படி இருக்கும் என்று விளங்கும். டொக்டர்மாரே மான்கொம்புக் கரு என்றுதான் அதைச் சொல்கிறார்கள். கலங்கள் அங்கங்கே தள்ளித் தள்ளி நின்றன. அது நல்ல அடையாளம் என்றார். ஏனென்றால் மைலோபைப்ரோசிஸில் இவை நெருக்கமாகக் கூட்டம் சேரும், கரு உப்பி, கறுத்து, ஒழுங்கில்லாமல் இருக்கும். பொலிசைதீமியாவில் சின்னது பெரியது எல்லாம் கலந்து கிடக்கும். சி.எம்.எல். என்கிற நாள்பட்ட லியூக்கேமியாவில் கலம் குள்ளமாக, கரு பிரியாமல் இருக்கும். வில்லியம் டாமஷெக் என்ற அமெரிக்க மருத்துவர் 1951இல் இந்த நாலையும் ஒரு குடும்பமாகச் சேர்த்துச் சொன்னார். இரத்தத்தில் பிளேட்லெட் இலக்கம் நாலிலும் கூடலாம். எந்த வருத்தம் என்று பிரித்துச் சொல்வதற்கு மச்சைக்குள் தாய்க்கலம் எப்படி நடக்கிறது என்று பார்க்கவேண்டும். எஃப்.பி.சி. ரிப்போட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் திரிகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஏன் இவை அடங்காமல் வேலை செய்கின்றன என்றும் விளக்கினார். ஈரல் த்ரொம்போபொயெட்டின் என்று ஒன்றைச் சுரக்கிறது. 1994இல்தான் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது தாய்க்கலத்தின் மேலுள்ள ஏற்பியில் போய்ப் பிடித்தால் "செய்" என்று கட்டளை. பிளேட்லெட் போதிய அளவு இருந்தால் அவையே அந்தச் சுரப்பைப் பிடித்து உறிஞ்சிவிடும், கட்டளை குறைந்துவிடும். எங்களுக்கு ஏற்பியின் உள்பக்கத்தில் இருக்கிற ஜாக்2 என்ற புரதத்தில் ஒரே ஒரு எழுத்து மாறிப்போய், கட்டளை வராமலே வந்ததாக எடுத்துக்கொள்கிறது. 2005இல் கண்டுபிடித்த மாற்றம் இது. என் வருத்தம் உள்ளவர்களில் பாதிக்கு மேல் இந்த மாற்றந்தான். இன்னும் நாலில் ஒரு பங்கு அளவினருக்குக் கல்ரெட்டிகியூலின் என்ற புரதத்தில் மாற்றம். அது 2013இல் தெரியவந்தது. அந்தக் கோணல் புரதம் நேரே ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு கட்டளை கொடுக்கிறதாம். பிறப்பில் வந்த மாற்றம் இல்லை, பிள்ளைகளுக்குப் போகாது என்று டொக்டர் சொன்னபோது என் மனைவி அழுதுவிட்டார்.

இந்த மரபணுப் பரிசோதனையை இங்கே செய்வதில்லை. இரத்தத்தை எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். முடிவு வர வாரக்கணக்காகும், செலவும் அதிகம், ஆனால் ஒருதரம் செய்தால் போதும். அனுப்பின விவரத்தை வைபரில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கொழும்புக்கு நானே போய் வந்திருந்தால் இரவு பஸ், அறை வாடகை என்று அதைவிட மேலே போயிருக்கும்.

இனிப் பொட்டாசியக் கதை. இதை எழுதத்தான் முக்கியமாக வந்தேன். மருந்து தொடங்கின புதிதில் பிளேட்லெட் 1,080,000 இருந்தது. குடும்ப டொக்டர் சிறுநீரகம் பார்க்க ஒரு பரிசோதனை எழுதினார். பின்னேரம் லாப்பில் இருந்து போன். "ஐயா, பயப்படாதீங்கோ. பொட்டாசியம் 6.3 எண்டு காட்டுது. ஆனா அது உங்கட உடம்பில உள்ளதில்ல எண்டு நினைக்கிறன். நாளைக்கு வாங்கோ, வேற குழாயில எடுப்பம்." 5க்கு மேலே போனாலே டொக்டர்மார் கவனிப்பார்கள்; 6.3 என்றால் இதயத் துடிப்பையே குழப்பக்கூடிய இலக்கம், நேரே வார்டில் போடுவார்கள். அடுத்தநாள் ஹெப்பரின் போட்ட பச்சை மூடிக் குழாயில் எடுத்து உடனே பார்த்தார்கள். 4.4. சாதாரணக் குழாயில் இரத்தம் உறையும்போது பிளேட்லெட்டுகள் உடைந்து, உள்ளே இருக்கிற பொட்டாசியத்தைக் கொட்டுகின்றன. பிளேட்லெட் பத்து லட்சம் இருந்தால் கொட்டுவதும் அவ்வளவு. உறையவிடாத குழாயில் எடுத்தால் உண்மை இலக்கம் வரும். இரண்டு இலக்கத்தையும் ரிப்போட்டில் போட்டு, ஏன் என்று கீழே இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார் மிஸ். குடும்ப டொக்டர் அந்த இரண்டு வரியை வாசித்துவிட்டு, அந்த மிஸ்ஸின் பெயரைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டார்.

அதே காலத்தில்தான், அஸ்பிரின் தொடங்கமுதல் இன்னொரு பரிசோதனையும் கொழும்புக்குப் போனது. பிளேட்லெட் பத்து லட்சத்தைத் தாண்டினால் இரத்தம் கட்டுவதற்கு வேண்டிய வான் வில்லிபிரண்ட் என்ற புரதத்தை அவையே பிடித்துக் குறைத்துவிடும். அப்போது அடைப்புக்குப் பதிலாக இரத்தம் கசியும், அஸ்பிரின் அதைக் கூட்டிவிடும். அது சரியாக இருக்கிறது என்று தெரிந்தபிறகு சின்ன அளவு அஸ்பிரின் தந்தார்கள். கால் எரிவு ஒரு சில நாளில் நின்றுவிட்டது.

எனக்கு அறுபது வயது கடந்ததால், பிளேட்லெட்டைக் குறைக்கிற ஹைட்ரொக்சியூரியா கப்சூலும் குடிக்கிறேன். அதைக் குடித்தால் சிவப்புக் கலம் பருமனில் பெரிதாகும், விற்றமின் பி12 குறைந்தாலும் அப்படித்தான் ஆகும். இது தெரியாத இடங்களில் "விற்றமின் பி12 குறைவாக இருக்கலாம்" என்று எழுதிவிட, ஊசி போடு, குளிசை போடு என்று ஆலோசனை வரும். இங்கே முதல் நாளே என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று கேட்டுப் பதிந்துகொண்டார்கள். ஒவ்வொரு ரிப்போட்டிலும் "மருந்தினால் எதிர்பார்க்கக்கூடியது" என்று குறிப்பு இருக்கும். வெள்ளைக் கலம் இறங்கினால் அன்றைக்கே போன் வரும்.

காத்திருக்கிற இடத்தில் மூதூரில் இருந்து வருகிற ஒரு அம்மாவைச் சந்தித்தேன். அவருக்கு மைலோபைப்ரோசிஸ். ஊசி போட்டும் மச்சையில் இருந்து ஒன்றும் வரவில்லை, எலும்புத் துண்டைத்தான் எடுத்துப் பார்த்தார்களாம். அந்த வருத்தத்தில் கெட்டுப்போன தாய்க்கலங்கள் டி.ஜி.எஃப். பீட்டா போன்ற பொருள்களைக் கசியவிட, பக்கத்தில் இருக்கிற நார் செய்கிற கலங்கள் தூண்டப்பட்டு மச்சை முழுவதும் நார் பின்னிவிடுகிறது. நாரைச் செய்வது புற்றுநோய்க் கலம் இல்லை, பக்கத்தில் இருந்த நல்ல கலம். இரத்தம் செய்ய இடமில்லாமல் வேலை மண்ணீரலுக்குப் போய் வயிறு வீங்குகிறது. அவருடைய தட்டில் கண்ணீர்த்துளி வடிவச் சிவப்புக் கலங்கள் இருப்பதை முதலில் கண்டு, "நிபுணரிடம் கட்டாயம் காட்டுங்கோ" என்று அனுப்பினது இதே மிஸ்தான். இப்போது அவர் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கிளினிக் போகிறார். இடையில் எடுக்கிற இரத்தப் பரிசோதனைக்கு இங்கே வருகிறார்.

குறைகளையும் சொல்லவேண்டும். வாசலில் மூன்று உயரமான படி, பிடிக்கக் கம்பி இல்லை. மூதூர் அம்மாவை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றினோம். மேல்மாடிக்கு லிப்ட் இல்லை. நடக்க முடியாதவர்களைப் பார்க்க டொக்டர் கீழே இறங்கி வருகிறார், அது அவருடைய நல்ல மனது, நிர்வாகம் அதை நம்பி இருக்கக்கூடாது. காத்திருக்கிற இடத்தில் கதிரை போதாது. ரிப்போட் முழுக்க ஆங்கிலத்தில் வருகிறது. அந்தக் குறிப்பு வரிகளையாவது தமிழிலும் சிங்களத்திலும் அடித்துத் தந்தால் எத்தனையோ பேருக்கு விளங்கும். காசு மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூட. பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் இலவசமாகச் செய்கிற பரிசோதனையை அங்கேயே செய்யுங்கள், கண்ணால் பார்க்கவேண்டியது, சந்தேகம் தீர்க்கவேண்டியது என்றால் இங்கே வாருங்கள்.

போகிறவர்களுக்கு: பழைய ரிப்போட் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், குடிக்கிற மருந்தின் அட்டையையும் கொண்டுபோங்கள். பிளேட்லெட் அதிகம் என்று இரத்தம் எடுக்கமுதலே சொல்லுங்கள். பொட்டாசியம் பார்ப்பதென்றால் பச்சை மூடிக் குழாய் என்று நினைவுபடுத்துங்கள், புதுப் பிள்ளைகள் சிலவேளை மறப்பார்கள். சனிக்கிழமை டொக்டரைப் பார்ப்பதென்றால் வியாழனுக்குள் இரத்தம் கொடுத்துவிடுங்கள், பிளட் பிக்சரை அவசரமில்லாமல் பார்க்க அவர்களுக்கு ஒரு நாள் வேண்டும். போயா (பூரணை விடுமுறை) நாளில் பின்னேரம் பூட்டியிருக்கும்.